ஏழாவது மாடி அம்மாள்

ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. நான் நலம். சாதாரண நலம் இல்லை. போன வாரம் என் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர், "உங்களைப் பாத்து நாங்கதான் வைத்தியம் கத்துக்கணும்" என்று எழுந்தே நின்றுவிட்டார். அந்த அளவுக்கு நலம். நீயும் உன் அம்மாவும் எப்படி? அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் நீ என்ன கேட்டாய்? "மாமா, நீங்க கம்ப்யூட்டர்லதான் வேலை பாக்குறேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அந்தப் படிப்பு படிச்சவங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னதான் செய்வாங்க?" என்றாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள், "போன்ல வேணாம். போன்ல சொன்னா அடுத்த தடவை மாத்திடுவீங்க. எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டாய். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு வாய்! சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதாக உன் அம்மா சொல்லியிருப்பாள். உண்மை என்னவென்றால், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே யாரிடமும் சரக்கு இல்லை.

நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி. மேகம் வந்து மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். மாடிக்கு ஒரு அலுவலகம். இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று பழுதாகி வெகுகாலம். ஆகவே ஓடுகிற போக்குவரத்து முழுக்க என் கையில். விவரம் தெரியாதவர்கள் என்னை லிஃப்ட்மேன் என்பார்கள். ஏழாவது மாடி மட்டும் காலி. அங்கே இருந்த இன்சூரன்ஸ் கம்பெனி போனதிலிருந்து அந்த மாடியில் ஈ காக்கை கிடையாது. ஆகவே அது என் சொந்த மாடி. மத்தியானச் சாப்பாடும், சாப்பாட்டுக்குப் பிறகு என் ஆழ்ந்த யோசனையும் அங்கேதான்.

இப்போது இரண்டு லிஃப்டுக்கும் கம்ப்யூட்டர் வைக்கிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுத ஒரு பெண் வந்திருக்கிறாள். மூக்கைவிடப் பெரிய கண்ணாடி. நான் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் "என்ன அண்ணே" என்கிறாள். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில், லிஃப்டின் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்.

வேலை முடிந்ததும் இந்த லிஃப்ட் ஆளைப் பார்த்து நடக்கும். மேனேஜர் பொத்தானை அழுத்தினால் பறந்து போகும். கடன் வசூலிக்க வந்தவன் அழுத்தினால் மெதுவாகப் போகும். இதுதான் கம்ப்யூட்டர் படிப்பு. புரிந்ததா?

இப்படிக்கு,
இரண்டு லிஃப்டுக்கும் ஒரே மாமன்


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்பதால் அம்மாவின் முழங்கால் சாயங்காலம் மட்டும் கோபித்துக்கொள்கிறது. உங்கள் டாக்டர் உட்கார்ந்துவிட்டாரா?

புரியவில்லை மாமா. மேனேஜர் அழுத்துகிறார் என்று பொத்தானுக்கு எப்படித் தெரியும்? பொத்தானுக்குக் கண் இல்லையே. யார் விரலாக இருந்தாலும் அதற்கு ஒரு அழுத்தல், அவ்வளவுதானே? "நாலாவது மாடியில் யாரோ கூப்பிடுகிறார்கள்" என்பதற்கு மேல் அதற்கு என்ன தெரிந்திருக்க முடியும்?

இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் வேதியியல் வகுப்பு முழுக்கப் போய்விட்டது. லிஃப்ட் ஒன்பதிலிருந்து கீழே வருகிறது. நாலாவது மாடியில் ஒருவர் மேலே போக நிற்கிறார். நின்று ஏற்றிக்கொண்டால் அவர் முதலில் கீழே போய்த் திரும்பத்தான் மேலே போக முடியும். நிற்காமல் போனால், "என்னைப் பாத்தும் பாக்காம போகுதே" என்று திட்டுவார். எது சரி? படம் போட்டு இதனோடு வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணாடிக்கார அக்காவிடம் காட்டிக் கேட்டு எழுதுங்கள்.

ஏப்ரல் முடிவதற்குள் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பு என்று சொல்லியாக வேண்டும். அம்மா பார்மசி என்கிறாள். "மருந்துக் கடைக்கு எப்பவும் ஆள் வேணும். எனக்குத் தெரிஞ்ச வேலை. கம்ப்யூட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்ம வீட்டுல யாருக்குடி தெரியும்?" என்கிறாள். யாருக்கும் தெரியாது என்பதால்தான் மாமா எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 2

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். நேற்று லிஃப்ட் நின்றபோது கதவை நான் ஒரு விரலால் தள்ளித் திறந்ததைப் பார்த்த பயில்வான் ஒருவர் தன் தொழிலையே விட்டுவிட்டதாகக் கேள்வி. நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பொத்தானுக்குக் கண் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாய். சபாஷ். நீ கவனமாகப் படிக்கிறாயா என்று பார்க்கவே அப்படித் தப்பாக எழுதினேன்.

உன் படத்தைக் கண்ணாடிக்காரியிடம் காட்டினேன். தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

"இதை யார் போட்டது அண்ணே?"

"யார் போடுவா? நான்தான். சும்மா இருக்கும்போது கை சும்மா இருக்காது."

"ஆறாவது மாடியிலயும் ஒருத்தர் கீழ போக நிக்கிறார்னு வெச்சுக்குங்க. அப்போ என்ன செய்வீங்க?"

"அதை நாளைக்குச் சொல்றேனே. இப்ப கொஞ்சம் தலைவலி."

ஆகவே மருமகளே, ஆறாவது மாடியில் ஒருவர் நின்றால் என்ன செய்வது? அவசரமே இல்லை. நாளைக்குள் எழுதினால் போதும்.

இன்னொரு செய்தி. அந்தப் பெண் நான் ஓட்டும் லிஃப்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருக்கிறாள். லிஃப்ட் எந்த நேரத்தில் எந்த மாடியில் நிற்கிறது என்று அது பதிந்துகொள்ளுமாம். என்னைக் கேட்காமல் மாட்டினது. ஒரு நாள் வந்து, "அண்ணே, தினமும் மத்தியானம் லிஃப்ட் ஏழாவது மாடியில ரொம்ப நேரம் நிக்குதே, அங்க யாரு இருக்கா?" என்றாள்.

நான் விளக்கினேன். ஏழாவது மாடியில் ஒரு பெரிய அம்மாள் இருக்கிறார். பெரிய இடம். கட்டடத்துக்காரரே அவருக்கு எழுந்து நிற்பார். பருத்த உடம்பு, மெதுவான நடை, கையில் தடி, காதில் வைரம். மத்தியானம் அவர் கீழே இறங்குவார். கதவைத் திறந்துவைத்து அவர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மூடிவிட்டால் தடியால் ஒரு தட்டுத் தட்டுவார், கட்டடம் அதிரும். இதையெல்லாம் அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் டைப் அடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. "அப்படியா அண்ணே, அப்புறம்?" என்றாள். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு "அப்புறம்" சொன்னவர்கள் குறைவு. அதனால் அம்மாளுக்கு இன்னும் இரண்டு வளையல் போட்டு அனுப்பினேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டருக்கே தகவல் தரும் மாமன்


பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருவரும் நலம். பயில்வானுக்கு என் அனுதாபம். ஆறாவது மாடிக்கு விடை கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதில் பாதி அம்மாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படித் தரையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டேன். தீப்பெட்டிதான் லிஃப்ட். மருந்து பாட்டில் மூடிகள் ஆட்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, இந்த வயசுல சொப்பு விளையாட்டு?"

"நீ ஆளுங்களை வைம்மா. எந்த மாடியில வேணா வை. நான் லிஃப்டை ஓட்டுறேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே நாலு மூடிகளைக் குறும்பாக வைத்தாள். நான் முதலில் கூப்பிட்டவரை முதலில் ஏற்றினேன். தீப்பெட்டி மேலே ஓடி, கீழே ஓடி, மறுபடி மேலே ஓடியது.

"கடையில நான் அப்படித்தான் செய்வேன், முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா மேல் தட்டுல மருந்து எடுக்க ஏணியில ஏறினேன்னா, பின்னால நிக்கிறவங்க மருந்தும் மேல இருந்தா அதையும் எடுத்துக்கிட்டுத்தான் இறங்குவேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு தடவை ஏறி இறங்கினா என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

அதுதான் மாமா விடை! ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதே பக்கம் போக வேண்டியவர்களை வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே இனி யாரும் இல்லை என்றால்தான் திரும்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆறாவது மாடிக்காரர் ஏறிக்கொள்வார், நாலாவது மாடிக்காரர் கொஞ்சம் காத்திருப்பார். அதற்குப் பிறகு அம்மா துணியை மறந்துவிட்டு, என்னை மடக்க மூடிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

சந்தோஷமாக இருக்கிறாளே என்று மெதுவாகப் படிப்புப் பேச்சை எடுத்தேன். முகம் மாறிவிட்டது. "விளையாட்டு வேற, வாழ்க்கை வேற. அந்தப் படிப்பைப் பத்தி எனக்கு யாரைக் கேக்குறது? கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு சொல்றவன் என் தம்பி ஒருத்தன். அவன் சொல்றதுல எதைக் கழிக்கிறது, எதை வெச்சுக்கிறது? ஒண்ணு செய். ஒரே ஒரு கடிதம், ஒரு பொய்கூட இல்லாம அவனை எனக்கு எழுதச் சொல்லு. அந்தப் படிப்புல உன்னைச் சேக்கலாமா வேணாமான்னு. அப்படி எழுதிட்டான்னா கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா பார்மசி" என்றாள்.

மாமா, ஒரே ஒரு கடிதம். உங்களால் முடியுமா?

மருமகள்


மார்ச் 1

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். இங்கே காய்ச்சல் பரவுகிறது. கட்டடத்தில் எல்லாரையும் தொட்டது, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. உங்களை நெருங்காமல் இருக்கட்டும்.

முடியுமாவா? என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? இதோ, அக்காவிடம் காட்டு: "அன்புள்ள அக்கா, கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலைக்குப் போனால் வாசலில் பூச்செண்டோடு நாலு பேர் நிற்பார்கள். சுழலும் நாற்காலி தருவார்கள். அதில் நானே உட்கார்ந்து சுழன்றிருக்கிறேன், மந்திரி ஒருவர் பார்த்துக் கைதட்டினார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை." போதுமா?

உன் ஆறாவது மாடி விடையைக் கண்ணாடிக்காரியிடம் சொன்னேன். "நான் எழுதினதும் இதேதான் அண்ணே" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேதைமை அவளைத் திகைக்க வைத்துவிட்டது.

கேள், இங்கே பெரிய கூத்து. கம்ப்யூட்டர் வைத்த லிஃப்ட் இரண்டையும் ஓடவிட்டார்கள். நானே கேட்டுக்கொண்டதால் எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருந்தார்கள். காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. மத்தியானம் பன்னிரண்டு மாடியும் பசியோடு வெளியே வந்து பொத்தானை அழுத்துகிறது. ஒரு லிஃப்ட் மட்டும் திணறித் திணறி ஆட்களை ஏற்றுகிறது. இன்னொன்று? நேராக ஏழாவது மாடிக்குப் போய், கதவைத் திறந்துவைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நகரவே இல்லை.

"யாருக்காகய்யா நிக்குது அது?" என்று மேனேஜர் மூச்சு வாங்க மாடியேறிப் போய்ப் பார்த்தார். ஆளில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. "அந்த மாடியில ஏதோ நடமாட்டம் இருக்கு" என்று காவலாளி ஆரம்பித்துவிட்டார். நான் மறுக்கவில்லை, கொஞ்சம் கொலுசுச் சத்தம் மட்டும் சேர்த்துக்கொடுத்தேன். பாவம் கண்ணாடிக்காரி, ஆள் ஏறினது லிஃப்டுக்கு ஏன் தெரியவில்லை என்று ஒவ்வொரு கம்பியாகச் சோதிக்கிறாள்.

கடைசியில் மேனேஜரே வந்து, "மறுபடியும் நீங்களே உக்காந்து ஓட்டுங்க. மெஷினை நம்ப முடியாது போலிருக்கு" என்று என் ஸ்டூலைத் திரும்பப் போட்டார். உன் மாமன் இல்லாமல் கட்டடம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை பார்!

இப்படிக்கு,
தவிர்க்க முடியாத மாமன்


மார்ச் 9

மாமா,

நலம், நலம், எல்லாரும் நலம். உங்கள் கடிதத்தை அம்மா பூச்செண்டு வரையில் படித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டாள். அது இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது!

லிஃப்டில் கோளாறு இல்லை. கம்பியில் எதுவும் இல்லை. உங்கள் கடிதங்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் படித்தேன். ஜனவரியில், ஏழாவது மாடியில் ஈ காக்கை கிடையாது, மத்தியானச் சாப்பாடும் ஆழ்ந்த யோசனையும் அங்கேதான் என்று எழுதினீர்கள். பிப்ரவரியில் அதே ஏழாவது மாடியில், அதே மத்தியானத்தில், தடி ஊன்றிய அம்மாள் வருகிறார். காலி மாடியில் அம்மாள் எங்கிருந்து வந்தார்? பெட்டி பொய் சொல்லாது. மத்தியானம் லிஃப்ட் அங்கே நின்றது நிஜம். யாருக்காக நின்றது?

ஏழாவது மாடி அம்மாள் நீங்கள்தான் மாமா! சாப்பிட்டுவிட்டு லிஃப்டை அங்கேயே நிறுத்தித் தூங்கியிருக்கிறீர்கள். கண்ணாடிக்கார அக்கா காரணம் கேட்டதும் ஒரு அம்மாளைப் படைத்துவிட்டீர்கள். அவர் அதை நம்பிப் புரோகிராமில் எழுதிவிட்டார். லிஃப்ட் தப்பு செய்யவில்லை. நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. நாங்கள் எல்லாம் நீங்கள் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுக் கேட்போம். அதற்குக் கழிக்கத் தெரியவில்லை.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. அந்த லிஃப்டை நான் பார்த்ததுகூட இல்லை, இங்கே உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டேன்! இந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு இதுவரை வந்ததில்லை. இதுதான் அந்தப் படிப்பு என்றால் எனக்கு வேறு எதுவுமே வேண்டாம். உடனே அந்த அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள், பாவம் அவர்.

மருமகள்


மார்ச் 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நலமா? பதிலே இல்லை. அம்மா போன் செய்தபோதும், "வேலை தலைக்கு மேல இருக்குக்கா" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டீர்களாம். நீங்கள் இரண்டு வார்த்தையில் முடித்ததாக நம் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அதனால் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "ஸ்டூலைத் திரும்பப் போட்டார்" என்று இருக்கிறது. முதல் தடவை சிரிப்பில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பப் போட்டார் என்றால், முதலில் எடுத்திருக்கிறார். நீங்களாகக் கேட்ட ஓய்வு இல்லை அது. லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் லிஃப்டுக்கு ஆள் வேண்டாம். அது ஏழாவது மாடியில் போய் நிற்கிறவரைக்கும்தான் உங்களுக்கு ஸ்டூல். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் படத்தை அந்த அக்காவிடம் காட்டிக் கேட்டு எனக்கு எழுதினீர்கள். நான் என்னவென்றால், போய்ச் சொல்லுங்கள் என்று குதித்துக் குதித்து எழுதியிருக்கிறேன்.

சொல்ல வேண்டாம் மாமா. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்மசி எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிற படிப்பு எனக்கு எதற்கு?

மருமகள்


ஏப்ரல் 8

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். என் நலத்தைப் பற்றிப் பத்திரிகையில் போட வந்தார்கள், இடம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று லிஃப்டை நாலு தடவை தப்பான மாடியில் நிறுத்தினேன். என்ன பேச்சு இது! என்னை எழுப்பிவிட எவராலும் முடியாது, நானாக எழுந்தால்தான் உண்டு. நானாகத்தான் எழுந்தேன். எழுந்து, கண்ணாடிக்காரியை ஏழாவது மாடிக்குக் கூட்டிப் போனேன். ஜன்னல் ஓரம் நான் விரித்துப் படுக்கிற பழைய பேப்பரும், தலைக்கு வைக்கிற சாப்பாட்டுப் பையும் அப்படியே கிடந்தன.

"இதோ பாரும்மா. நீ தேடுற அம்மாளோட அரண்மனை."

அவள் பேப்பரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அப்போ அந்தத் தடி?"

"சும்மா."

"வைரம்?"

"நீ எழுதிக்கிட்டே இருந்தியா, அப்படியே வந்துடுச்சு."

அவ்வளவுதான், அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு, "தப்பு என் மேலயும் இருக்கு. ஒரு தடவை மாடியேறி வந்து பாத்திருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எப்படி அண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ, வரவில்லை. "என் மருமக. லிஃப்டையே பாத்ததில்லை. அந்தப் படமும் அவ போட்டதுதான்" என்றேன். "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்கிறாள் அந்தக் கள்ளி!

அம்மாளை எனக்குக் காட்டு என்று கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். நான் அவ்வளவு நகை போட்டு, தடி கொடுத்து, நடை கொடுத்து அனுப்பியவள், அங்கே ஒரே ஒரு வரியாக இருந்தாள். ஏழு என்ற எண், மத்தியான நேரம், கதவு திறந்திருக்க வேண்டும். வேறு எதுவும் இல்லை. வைரம் எங்கே என்றேன். "அதுக்கு இதுல இடமில்லை அண்ணே" என்றாள். எவ்வளவு விசித்திரம் பார்! இத்தனை பெரிய ரகளைக்கு அந்த ஒரு வரிதான். அதை அழித்துவிட்டு, "வாங்க, கீழ போலாம்" என்றாள். பொத்தானை அவளே அழுத்தினாள். என் விரல் தேவைப்படவில்லை, லிஃப்ட் தானே வந்தது.

எனக்கு என்ன குறை? கட்டடத்துக்கே தலைமை ஆலோசகர் ஆக்கப் போகிறார்கள், பேச்சு நடக்கிறது. பார்மசி கீர்மசி என்று இனி எழுதினால் பிரித்துப் படிக்க மாட்டேன். அக்காவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

மாமன்


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். இதற்கு முன் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத எழுத ஏதேதோ தானாக வந்து சேர்ந்துகொண்டது.

கம்ப்யூட்டர் படிப்பில் என்ன சொல்லித்தருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கவில்லை. லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த மாடி என்று கேட்டு, பொத்தானை அழுத்துகிறேன். இப்போது லிஃப்ட் சரியாக ஓடுகிறது. அடுத்த மாதத்திலிருந்து அதற்கு ஆள் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தன்னால்தான் இது நடந்தது என்று உன் மகள் நினைக்கிறாள். அவளால் இல்லை. அந்தப் பெண்ணும் இங்கேதான் இருக்கிறாள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அவளே கண்டுபிடித்திருப்பாள். இதற்காக உன் மகள் பார்மசி படிக்க வேண்டாம். பார்மசி அவளுக்குப் பிடித்திருந்தால் படிக்கட்டும், அது வேறு விஷயம். பிடித்திருக்கிறதா என்று நீயே கேள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் சொல்வதைக் கேட்டுச் சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் சிரிக்காமல் போவார்கள். நீகூட, "சரி சரி, சாப்பிட்டியா?" என்பாய். அது எப்படி, அது ஏன் அப்படி என்று நின்று கேட்டவர்கள் என் வாழ்க்கையில் இரண்டு பேர். ஒருத்தி லிஃப்டுக்குப் புரோகிராம் எழுத வந்த பெண். இன்னொருத்தி உன் மகள். இரண்டு பேருக்கும் கேட்கும்போது கண் ஒரே மாதிரி இருக்கும். உன் மகள் கண்ணை நான் கடிதத்தில்தான் பார்த்தேன், ஆனாலும் தெரிந்தது. அந்தப் பெண் படித்த படிப்பு எதுவோ, உன் மகளுக்கும் அதுதான்.

இதற்கு மேல் எழுதினால் மந்திரி வந்துவிடுவார். நிறுத்துகிறேன்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மருமகளும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தரம் படித்தேன். பிறகு உன் மருமகளிடம் கொடுத்தேன். "இது நெஜமாவே மாமா எழுதினதாம்மா?" என்றாள். "எழுத்து அவன் எழுத்துதான். ஆனா பயில்வான் யாரும் வரலையே, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால் அழுதாள்.

நீ சொன்னபடி அவளையே கேட்டேன். "உனக்கு பார்மசி பிடிச்சிருக்கா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "ஏணி கதையில என் முழங்கால் கண்டுபிடிச்சதை நீ கண்டுபிடிச்சதா வெளிய சொல்லிக்காம இருந்தா, கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாள். நேற்று இரண்டு பேரும் போய்க் கம்ப்யூட்டர் படிப்புக்கே விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தோம். அந்த வரிசையில் நிற்கும்போதும், ஏன் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், இரண்டு திறந்தால் வரிசையை எப்படிப் பிரிப்பது என்று என் காதைத் தின்றுகொண்டே வந்தாள். எனக்கும் அது என்னவென்று தெரிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒரு பொய்கூட இல்லாமல் எழுது என்று கேட்டேன். உன் கடிதத்தில் ஒன்று இருக்கிறது. முதல் வரி. இத்தனை வருஷமாக நீ நலம் என்று எழுதினால் அதற்குச் சாட்சி சொல்ல யாராவது கூடவே வருவார்கள். இந்தத் தடவை வெறும் "நான் நலம்" என்று எழுதியிருக்கிறாய். கூட யாரும் வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வா.

அக்கா